ஒரு வீட்டுக்கு ஒரு படிவம்

ஜூன் 3

கூண்டுக்காரிக்கு,

நீ நலமா? முட்டி எப்படி இருக்கிறது? நான் நலம். இருமல் மட்டும் வந்து போகிறது, அதையும் நலத்திலேயே சேர்த்துவிடலாம்.

போன் பண்ணாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ‘ம்’ என்பேன், நீ ‘வேற என்ன’ என்பாய், நான் ‘வேற ஒண்ணுமில்ல’ என்பேன், வைத்துவிடுவோம். நான்கு வருஷமாக அதுதான் நடக்கிறது. இந்த விஷயம் ‘ம்’மில் அடங்காது.

நகர மையத்தில் கலை, பண்பாடு, சுற்றுலா எல்லாவற்றையும் எப்படி வளர்க்கலாம் என்று நகர அலுவலகம் மக்களிடம் கருத்துக் கேட்கிறது. இங்கே குடியிருப்பவர்கள் மட்டும் எழுதலாம். நான் எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினேன். முப்பத்தொரு வருஷம் நகர அரங்கத்தில் விளக்குப் போட்டவன் எட்டுப் பக்கமாவது எழுத வேண்டாமா? நேற்று அது திரும்பி வந்துவிட்டது. கூடவே உன்னுடைய படிவமும் வந்தது. இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்தி மேலே ஒரு சீட்டு வைத்திருந்தார்கள்: ‘ஒரு வீட்டுக்கு ஒரு படிவம். ஒரே முகவரியிலிருந்து இரண்டு வந்துள்ளன. எண்ணிக்கையும் பொருந்தவில்லை. கலந்து பேசி ஒன்றாக அனுப்பவும். கடைசி நாள் ஜூன் 28.’

நீயும் எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உன் பெயர் இன்னும் இந்த வீட்டுப் பதிவில்தான் இருக்கிறது என்பதே அப்போதுதான் உறைத்தது.

எது பொருந்தவில்லை என்று பார்த்தேன். முதல் கேள்வியே தகராறு. ‘குடும்பத்தில் எத்தனை பேர்?’ அந்தக் கட்டத்தில் நான் 2 போட்டிருக்கிறேன். மகள் கல்யாணமாகிப் போன பிறகு நாம் இரண்டு பேர்தானே, யோசிக்காமல் போட்டுவிட்டேன். நீ 1 போட்டிருக்கிறாய். அழுத்தி எழுதியிருக்கிறாய். காகிதத்தின் பின்பக்கம் தடவிப் பார்த்தால் விரலில் படுகிறது.

அலுவலகத்துக்குப் போய் அங்கே படிவம் வாங்குகிற பெண்ணிடம் கேட்டேன். “ஏம்மா, ரெண்டு பேருக்கும் வேற வேற கருத்து இருக்கக் கூடாதா?”

“கருத்து எவ்வளவு வேணா இருக்கலாம் சார். வீடு ஒண்ணா ரெண்டா, அதை மட்டும் சொல்லுங்க” என்றாள்.

வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார், நகர்ந்துவிட்டேன்.

இரண்டு படிவத்தையும் ஒரு புதுப் படிவத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன், என்ன செய்யலாம் என்று எழுது. உன் கருத்தையும் படித்தேன். ‘உட்கார இடம் வேண்டும். கழிப்பறை திறந்திருக்க வேண்டும்.’ இரண்டு வரி. கலை, பண்பாடு என்று கேட்டால் கழிப்பறை என்று எழுதுகிற ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய்.

இப்படிக்கு,
லைட்டுக்காரன்

*

ஜூன் 7

லைட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்தே வெகுநாளாயிற்று. இப்போதும் வரி மேலே ஏறிக்கொண்டேதான் போகிறது.

முட்டி அப்படியே இருக்கிறது. மகள் வீட்டிலிருந்து மூன்று மாதம் முன்னால் தனியாக ஒரு சின்ன வீடு பார்த்து வந்துவிட்டேன், அடுத்த தெருதான். போனில் சொன்னேன், நீங்கள் ‘ம்’ என்றீர்கள். படி ஏற வேண்டியதில்லை, அதற்காகத்தான் வந்தேன்.

ஏன் 1 போட்டேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். காலையில் நான் ஒரு டம்ளர் கழுவுகிறேன். இரண்டு கழுவினால் இரண்டு என்று எழுதியிருப்பேன். அரசாங்கக் காகிதத்தில் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

இதில் உங்கள் மேல் கோபம் ஒன்றுமில்லை. கோபமாக இருந்தால் கடிதம் இவ்வளவு நீளாது, அது உங்களுக்கே தெரியும். நான்கு வருஷம் முன்னால் எனக்குப் பணி முடிந்தது. அதே மாதம் உங்கள் அரங்கத்தைப் பழுது பார்க்க மூடினார்கள். இந்த மாடிப்படி என்னால் முடியவில்லை, மகள் பக்கம் போய்விடலாம், வர்றீங்களா என்று கேட்டேன். “அடுத்த மாசம் வர்றேன், அரங்கத்த ஒரு வழி பண்ணிட்டு” என்றீர்கள். நான் என் பெட்டியோடு உங்கள் போர்வையையும் மடித்து எடுத்து வந்தேன். அந்த அடுத்த மாசம் இன்னும் வரவில்லை. அரங்கத்தையும் திறக்கவில்லை, பழுதும் பார்க்கவில்லை. நீங்கள் மட்டும் தினமும் பின்கதவுச் சாவியோடு போய் நாற்பத்திரண்டு விளக்கையும் ஒவ்வொன்றாக ஒரு நிமிஷம் எரியவிட்டு அணைத்துவிட்டு வருகிறீர்களாம். மகள் சொன்னாள். ஈரம் பிடிக்காமல் இருக்க என்றீர்களாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

சரி, படிவத்துக்கு வருகிறேன். அந்த வீட்டுப் பதிவில் என் பெயரும் இருப்பதால் மகளிடம் சொல்லி ஒன்று வாங்கி எழுதினேன். கழிப்பறை என்று எழுதியதற்குக் கிண்டல் செய்கிறீர்கள். ரயில் நிலைய வாசலில் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வழி சொன்னவள் நான். வெளியூர்க்காரர்கள் என்ன கேட்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் நகரத்தின் பண்பாடு எங்கே இருக்கிறது என்றா? முதல் கேள்வி, கழிப்பறை எங்கே. இரண்டாவது, எங்காவது கொஞ்ச நேரம் உட்கார முடியுமா. மூன்றாவது, திரும்பிப் போக வண்டி எத்தனை மணிக்கு. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை என்றால் நேராக மூன்றாவதுக்குப் போய்விடுவார்கள்.

நம்பாவிட்டால் ஒன்று செய்யுங்கள். ஒரு நாள் நிலைய வாசலிலிருந்து அரங்கம் வரைக்கும் நடந்து பாருங்கள். பகல் பன்னிரண்டரைக்கு, உச்சி வெயிலில். கையில் ஒரு கனமான பை வேண்டும். முட்டி வலிக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை அடி என்று எண்ணுங்கள், எங்கெங்கே உட்கார முடிந்தது என்று எழுதி அனுப்புங்கள். அதற்குப் பிறகு உங்கள் எட்டுப் பக்கத்தைப் பற்றிப் பேசுவோம்.

இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள். டீ வெந்நீர் ஆகாது.

இப்படிக்கு,
கூண்டுக்காரி

*

ஜூன் 12

கூண்டுக்காரிக்கு,

நடந்தேன்.

பையில் என்ன போடுவதென்று தெரியாமல் அரங்கத்தின் பழைய ஒயர்ச் சுருள் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். ஆறு கிலோ இருக்கும். நிலைய வாசலில் உன் கூண்டு மூடியிருக்கிறது. கண்ணாடியில் யாரோ காணாமல் போன பூனையின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

நூற்றுப் பத்தாவது அடியில் ஒரு வங்கி, படி அகலமாக இருக்கிறது. உட்கார்ந்தேன். காவலாளி வந்து “பெரியவரே, இங்க உக்காரக் கூடாது” என்றார். நான் எப்போது பெரியவர் ஆனேன் என்று யோசித்துக்கொண்டே எழுந்தேன். முந்நூற்று எண்பதில் தையல் கடை, வாசல் திண்டில் பூத்தொட்டி வைத்துவிட்டார்கள். அறுநூற்றில் நீரூற்று, சுற்றுச் சுவரெல்லாம் ஈரம். அதற்குப் பிறகு ஒரு கம்பி வேலி, உட்கார முடியாதபடி மேலே கூர் வைத்திருக்கிறார்கள். அதை யோசித்துச் செய்தவர் ஒருவர் இருக்கிறார் பார், அவரைப் பார்க்க வேண்டும்.

தொள்ளாயிரத்தில் ஒரு வெளியூர்க் கணவன் மனைவி பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் கேட்டது, நீ சொன்ன முதல் கேள்விதான். பொதுக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனேன். பூட்டு தொங்கியது. கடைசியில் அரங்கத்தின் பின்கதவைத் திறந்து உள்ளே விட்டேன். வெளியே வந்து அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்ன மாதிரி முப்பத்தொரு வருஷத்தில் எந்த நாடகத்துக்கும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது அடி. உட்கார இடம் ஒன்றுகூட இல்லை. நீ சொன்னது சரி. இதை இவ்வளவு தெளிவாக நான் எழுதித் தந்ததில்லை என்பாய், பத்திரமாக வைத்துக்கொள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஏன் பன்னிரண்டரைக்கு நடக்கச் சொன்னாய் என்பது எண்ணூறாவது அடியில்தான் எனக்குப் புரிந்தது. கூண்டை ஒரு மணி நேரம் மூடிவிட்டு எனக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டு வருவாயே, அந்த நேரம். போக ஆயிரத்து நூற்று நாற்பது, வர ஆயிரத்து நூற்று நாற்பது. முட்டி வலி வந்த பிறகும் ஏழு வருஷம் வந்தாய். நான் மேலே விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, டப்பா வந்ததா என்று மட்டும் எட்டிப் பார்ப்பேன். நீ எப்படி வந்தாய் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அரங்க வாசல் படியிலேயே ஒயர்ச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு நான் சொல்லாமல் விட்டது வேறொன்றும் இருக்கிறது. நாடகம் முடிந்து யாராவது வெளியூர்க்காரர் மாடி ஏறி என்னிடம் வருவார். “நிலையத்துல அந்தக் கூண்டு அம்மா சொன்னாங்க, இங்க வெளிச்சத்தப் பார்க்கவே வரணும்னு” என்பார். கையிலிருக்கும் வரைபடத்தைக் காட்டுவார். அச்சிட்ட படத்தில் நம் அரங்கமே இருக்காது. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் இருக்கும். ஒருவர் இருவர் இல்லை, நூறு பேராவது வந்திருப்பார்கள். ஏதோ மேலிடத்தில் போடச் சொன்ன வட்டம் என்று முதலில் நினைத்தேன். அது உன் வட்டம் என்று தெரிந்த பிறகும் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதை நானே வைத்துக்கொண்டேன்.

ரொம்ப நன்றி. தாமதமாகச் சொல்கிறேன், வாங்கிக்கொள்.

லைட்டுக்காரன்

*

ஜூன் 17

லைட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மகள் வந்து கையிலிருந்து பிடுங்கிப் படித்துவிட்டு, “அப்பாவா இது?” என்றாள்.

நன்றியை வாங்கிக்கொண்டேன். எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. இவ்வளவு பெரிய சாமானுக்கு இந்த வீட்டில் அலமாரி இல்லை.

அந்த வட்டத்துக்கு மேலதிகாரியிடம் இரண்டு முறை திட்டு வாங்கினேன். எந்த இடத்தையும் தனியாகச் சிபாரிசு செய்யக் கூடாது என்று விதி. அதனால்தான் பென்சில். கேட்டால் அழித்துக் காட்டலாம்.

நீங்கள் வெட்கப்பட வேண்டாம். நான் டப்பா கொண்டு வந்தது உங்களுக்காக மட்டும் இல்லை, நானும் அங்கேயே உட்கார்ந்துதானே சாப்பிட்டேன். மூன்றாவது வரிசை, இடது ஓரம். மேடையில் ஒத்திகை நடக்கும், அரங்கம் இருட்டாக இருக்கும். நான் டப்பாவைத் திறந்ததும் என் நாற்காலி மேல் மட்டும் மெல்ல ஒரு வெளிச்சம் வரும். சாப்பாடு தெரிகிற அளவுக்குத்தான், மேடையில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு இல்லாத அளவுக்கு. நான் டப்பாவை மூடியதும் அது அடங்கும். நீங்கள் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் இந்த மனுஷன் அதில் சொல்லிவிடுகிறான் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுவேன். அந்த அரை மணி நேரத்துக்காக இன்னும் ஆயிரம் அடி அதிகமாக நடந்திருப்பேன்.

பிறகு அரங்கத்தை மூடினார்கள். வெளிச்சம் போயிற்று. பேச்சு முன்பே கிடையாது. வீட்டில் என்ன மிச்சம் இருந்தது, சொல்லுங்கள். அதனால்தான் கிளம்பினேன். மாடிப்படி ஒரு சாக்கு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு பேருடையதையும் சேர்த்து நானே எழுதிவிட்டேன். உங்கள் எட்டுப் பக்கம் பத்து வரியாகியிருக்கிறது. திட்டாதீர்கள், நல்லதை எல்லாம் வைத்திருக்கிறேன். முதலில் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில், நிலையத்திலிருந்து அரங்கம் வரை நூற்றைம்பது அடிக்கு ஒரு பெஞ்சு, சாய்மானத்தோடு, நிழலோடு. கழிப்பறை கடைசி வண்டி போகும் வரை திறந்திருக்க வேண்டும். அதற்கு அடுத்து அரங்கம். வந்து சேர்ந்தவர்களுக்குத்தானே உங்கள் வெளிச்சம்.

நான்காவது கேள்வியில், யாருக்கு நன்றிப் பலகை வைக்கலாம் என்பதற்கு நீங்கள் என்னை எழுதியிருந்தீர்கள். பார்த்தேன். அதை அடித்துவிட்டேன். நிலையத்து ஊழியர் கழிப்பறையைக் கழுவுகிற அம்மாவை எழுதியிருக்கிறேன். நான் பத்தொன்பது வருஷம் கூண்டில் நிம்மதியாக உட்கார்ந்ததற்கு அவர்தான் காரணம். நீங்கள் என்னை எழுதியது எனக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு அது போதும்.

கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதல் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். எத்தனை என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் அதில் என் கையெழுத்து இருக்கும். உண்மையை எழுதினால் சரி.

கூண்டுக்காரி

*

ஜூன் 29

கூண்டுக்காரிக்கு,

நேற்று கடைசி நாள். படிவத்தை வாங்கிக்கொண்டே பொதுக் கூட்டமும் வைத்துவிட்டார்கள். அலுவலக மாடியில், அறுபது நாற்காலி, எண்பது பேர். ஒருவருக்கு மூன்று நிமிஷம் என்று மேசை மேல் மணி வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் பேசினவர் நகரத்துக்கு ஒரு பெரிய சிலை வேண்டும் என்றார். யாருடைய சிலை என்று கேட்டதற்கு அதை மக்கள் முடிவு செய்யட்டும் என்றார். மணி அடித்துவிட்டார்கள்.

என் முறை வந்தது. முப்பத்தொரு வருஷம் மற்றவர்கள் மேல் வெளிச்சம் போட்டவனுக்கு, எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் காகிதத்தை விட்டு நிமிரத் தோன்றவில்லை. நீ எழுதிய பத்து வரியை அப்படியே படித்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது அடியைச் சொன்னேன், வங்கிப் படியைச் சொன்னேன், கூர் வைத்த கம்பியைச் சொன்னேன். கழிப்பறை என்று சொன்னபோது இரண்டு பேர் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து “சிரிக்காதீங்க, அவர் சொல்றது நிஜம்” என்றார். அப்புறம் கைதட்டல் வந்தது. இரண்டு நிமிஷம் நாற்பது வினாடி. நான் சொந்தமாகப் பேசியிருந்தால் எனக்கும் மணி அடித்திருப்பார்கள்.

பெஞ்சும் கழிப்பறையும் இந்த வருஷமே வரும் என்று நகரப் பொறியாளர் அங்கேயே சொல்லிவிட்டார். அரங்கத்துக்கு இரண்டு வருஷம் ஆகுமாம். பழுது பார்க்கப் போவது நிஜம், வரைபடத்தைக் காட்டினார். கூட்டம் முடிந்ததும் அவரை அழைத்துப் போய் நாற்பத்திரண்டு விளக்கையும் போட்டுக் காட்டினேன். ஒன்றுகூடத் தப்பாமல் எரிந்தது. அவர் ஒவ்வொன்றின் கீழும் போய் நின்று பார்த்தார். பிறகு, “மனசு கஷ்டமா இருக்கு சார், ஆனா எல்லாமே புதுசு மாத்தப் போறோம்” என்றார்.

நான்கு வருஷம். தினமும் நாற்பத்திரண்டு நிமிஷம். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மூன்றாவது வரிசை இடது ஓர விளக்கைக் கடைசியாக ஒரு தடவை மெல்ல ஏற்றினேன். நாற்காலி காலியாக இருந்தது. இத்தனை நாளாக நான் எதைக் காவல் காத்தேன் என்று அப்போது தெரிந்துவிட்டது. அது இங்கே இல்லையே, நாலு வருஷம் முன்னாலேயே பெட்டியும் போர்வையுமாகக் கிளம்பிவிட்டதே என்று தோன்றியது. சாவியைப் பொறியாளர் கையில் கொடுத்துவிட்டேன்.

முதல் கட்டத்தை அதற்கு முன்பே எழுதியிருந்தேன். 2 என்றுதான் எழுதினேன். படிவத்துப் பெண் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் இந்த முகவரியிலயா சார் இருக்கீங்க?” என்றாள்.

“நான் மட்டும்தாம்மா. நானும் வர்ற மாசம் பத்தாம் தேதி வரைக்கும்தான். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அவ முகவரியில.”

“இன்னிக்கு நீங்க இங்க இருக்கீங்க இல்ல, படிவம் செல்லும்” என்று முத்திரை குத்திவிட்டாள்.

உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். நீ உண்மையை எழுதச் சொன்னாய், எனக்குத் தெரிந்த உண்மை அதுதான். வேண்டாம் என்றால் எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன். நீ இத்தனை வருஷம் செய்ததற்கு நன்றி என்பது அப்போதும் மாறாது. வரலாம் என்றால் வழி எழுது. உன் புது வீட்டுக்கு நான் வந்ததில்லை. மூன்றாவது வரிசை விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொறியாளர் சொல்கிறார், கொண்டு வரவா?

லைட்டுக்காரன்

*

ஜூலை 3

லைட்டுக்காரருக்கு,

காலை ஒன்பது இருபதுக்கு ஒரு வண்டி இருக்கிறது, அதில் ஏறுங்கள். அடுத்தது பதினொன்றுக்கு, அதில் உட்கார இடம் கிடைக்காது. ஐந்தாவது நிறுத்தத்தில் இறங்கி இடது பக்க வாசல் வழியாக வெளியே வாருங்கள். கழிப்பறை அங்கேயே இருக்கிறது, சுத்தமாக இருக்கும். வாசலிலிருந்து வீட்டுக்கு நானூற்றுப் பத்து அடி, எண்ணிவிட்டேன். பாதியில் மருந்துக் கடை வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் உட்காருங்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

அந்த விளக்கைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். இந்த வீட்டு ஃபியூஸ் தாங்காது. நீங்கள் வந்தால் போதும்.

போர்வையை வெயிலில் போட்டிருக்கிறேன்.

இதனுடன் இந்தப் பகுதியின் வரைபடம் ஒன்று வைத்திருக்கிறேன், நூலகத்தில் வாங்கினேன். இந்தத் தெரு அதில் இருக்கிறது, வீடு இருக்காது. இருக்க வேண்டிய இடத்தில் வட்டம் போட்டிருக்கிறேன். பென்சில் கையில்தான் இருந்தது, ஆனால் இந்தத் தடவை பேனாவால் போட்டேன்.

கூண்டுக்காரி